ஒரே கையில் எடுத்த இரண்டு டியூப்

அத்தியாயம் 14

கருங்கல்லிலிருந்து கடற்கரைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஆறு பேர்தான் இருந்தார்கள். ஐந்து பேர் மடியில் காலி மீன்கூடை. ஆறாவது ஆள் லிஜா. அவள் மடியில் ஒரு கைப்பை. அதற்குள் இரண்டு காலிக் கண்ணாடி டியூப். அவ்வளவுதான்.

டாக்டர் லிஜா என்று கருங்கல் சந்தையில் கேட்டால் செருப்புக்கடை மாடியில் இருக்கும் லேபைக் காட்டுவார்கள். கடற்கரையில், சூசைத்துறையில், அவள் இன்றைக்கும் ததேயுஸின் தங்கச்சி. வேறு பெயர் கிடையாது.

"ஏட்டி லிஜா, நாலு நாளா நெஞ்சு கரிக்கு. ஒரு மருந்து எழுதித் தா" என்றாள் முன்சீட்டில் இருந்த ஒரு கூடைக்காரி.

"நான் மருந்து எழுதுத டாக்டர் இல்ல மாமி. ரத்தத்தப் பாத்துச் சொல்லுத டாக்டர்."

"மருந்தும் எழுத மாட்ட, ஊசியும் போட மாட்ட. பின்ன என்னத்துக்குட்டி அத்தன வருசம் படிச்ச?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் லிஜாவும் சிரித்திருப்பாள். இன்றைக்கு அந்தக் கேள்வி அப்படியே போய் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

என்னத்துக்குப் படித்தாள்?

போன வாரம் டாக்டர் தாணுலிங்கம் போனில் சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் இருபத்தாறு வருடமாகக் கருங்கல்லில் வைத்தியம் பார்ப்பவர். யாரையும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கடற்கரை ஆளுகளுக்கு மட்டும் பொட்டாசியம் எப்பவும் கொஞ்சம் கூடுதலாவே வருது. ஆளப் பாத்தா அப்படித் தெரியல்ல. ஒருக்கா கவனிங்க."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஐந்து வருடமாக ஒரு நாள் தவறாமல் காலையில் மெஷினுக்குள் முதலில் போவது நோயாளியின் ரத்தம் இல்லை, கன்ட்ரோல்தான். அளவு எவ்வளவு வரவேண்டும் என்று முன்பே தெரிந்த திரவம் அது. அந்த அளவு வந்தால்தான் மெஷின் சரி. வந்த அளவை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைப்பார்கள். ஐந்து வருடப் புள்ளிகளும் கோட்டுக்குள்தான் நின்றன. போதாததற்கு, அளவைச் சொல்லாமல் லேபைச் சோதிக்க வெளியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு ரத்த மாதிரி அனுப்புவார்கள். அதிலும் லிஜாவின் லேப் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

ஆனாலும் அவள் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளை இரண்டாகப் பிரித்தாள். கருங்கல்லில் நேராக மாடியேறி வந்து ரத்தம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். சூசைத்துறையில் எடுத்து வந்தது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் பொட்டாசிய அளவில் முழுசாக ஒன்று வித்தியாசம். அதுவும் நாலு மாதமாகத்தான்.

நாலு மாதத்துக்கு முன்புதான், சூசைத்துறையிலிருந்து ஸ்கூட்டரில் ரத்தம் கொண்டுவந்துகொண்டிருந்தவர் குவைத்துக்குப் போனார். அன்றிலிருந்து அந்த வேலையைச் செய்வது அவளுடைய அண்ணன் ததேயுஸ்.

அந்த நாலு மாதத்துக்குள் ரத்தம் கொடுத்தவர்களில் அவருடைய மனைவி செசிலியும் ஒருத்தி. செசிலி இறந்து இன்றைக்கு இருபத்து நாலாவது நாள்.

*

அண்ணன் வீட்டு முன்அறைதான் ரத்தம் எடுக்கும் இடம். அண்ணன் மகள் ஜிஷா லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வயது. அம்மா போன பிறகு தலையை ஒழுங்காகச் சீவுவதில்லை. ஆனால் ஊசி குத்தும் கையில் மட்டும் நடுக்கம் கிடையாது.

"அத்தே? இந்நேரத்துக்கா?"

"எனக்கு ரத்தம் எடு மக்கா."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு டியூப் எடு."

ஜிஷா அத்தையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஒரே குத்தில் இரண்டு டியூபையும் நிரப்பி, இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டினாள். மணி ஆறு இருபது.

வெளியே ததேயுஸ் டெம்போவின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். வியாபாரத்துக்கு எடுத்த மீன் ஒரு பக்கம் நீலப்பெட்டிகளில் இருந்தது. இன்னொரு பக்கம், எதன் மேலும் படாமல், வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று தனியாக இருந்தது.

லிஜா அந்தப் பெட்டியை இதுவரை பார்த்ததே இல்லை.

"எத்தன பேரு இன்னைக்கு?" என்று கேட்டாள்.

"உன்னையுஞ் சேத்து ஒம்பது. நம்ம யேசுரத்தினமும் குடுத்திருக்காரு. செசிலி தின்ன அதே மாத்திரைதான் அவருக்கும். மூத்திரம் போறதுக்குள்ளது. அது பொட்டாசியத்தக் கொறைச்சிரும்னு ஒரு சிரப்பும் குடிக்காரு. இன்னைக்கு ரிப்போர்ட்டப் பாத்துதான் சிரப்பு வேணுமா வேண்டாமான்னு சொல்லுவாவளாம்."

பேசிக்கொண்டே ததேயுஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே விளிம்பு வரைக்கும் பொடித்த ஐஸ். அதன் மேல் ஒரு வெள்ளைத்துணி. டியூபுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, துணியை விலக்கி, ஐஸைக் கையால் குழித்து, உள்ளே இறக்கினார். மேலே இன்னொரு பிடி ஐஸ் போட்டு உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார்.

லிஜா டெம்போவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணே இது?"

"மீன் வச்ச பெட்டி இல்ல, கேட்டியா? இதுக்குன்னே புதுசா வாங்கினது. ஐஸும் பிளான்டுல போயி நல்ல தண்ணி ஐஸாப் பாத்து எடுக்கேன்."

"எப்பவும் இப்படித்தான் கொண்டு வாறீங்களா?"

"பின்ன? நான் நாலு சந்தை சுத்தி உனக்க லேபுக்கு வாறதுக்குள்ள மணி ஒண்ணாவுதில்லா? விடியக்காலம் பட்ட சாளை மீனுக்கு உச்சி வரைக்கும் கண்ணு தெளிவா இருக்கணும்னா ஐஸ் காட்டணும். மீனுக்கே அந்த மரியாதைன்னா மனுசனுக்க ரத்தத்துக்கு வேண்டாமா?"

அவர் சிரித்தார். செசிலி போன பிறகு அவர் சிரித்து லிஜா பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"உனக்க லேபுல குடுக்கதுக்கு முன்ன படியில வச்சு ஒவ்வொண்ணையும் துண்டால தொடச்சு, ஸ்டாண்டுல நிறுத்தித்தான் குடுப்பேன். ஈரத்தோட குடுத்தா எழுத்து அழிஞ்சிரும் பாரு."

அதனால்தான் யாரும் ஐஸைப் பார்க்கவில்லை.

லிஜா தன் டியூபில் ஒன்றை அவரிடம் நீட்டிவிட்டு, மற்றதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அது என்னத்துக்குத் தனியா?"

"சும்மா அண்ணே. நான் போற போக்குல கொண்டு போறேன். மத்தது உங்க கூட வரட்டு."

"ஐஸ் இல்லாம கொண்டு போனா கெட்டிரும் பிள்ளே. இந்தா, ஒரு கவர்ல கொஞ்சம் போட்டுத் தாறேன்."

"வேண்டாம்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

வாசலில் நின்ற ஜிஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ரத்தத்துக்குள் இருக்கும் சிவப்பணுக்களில்தான் பொட்டாசியம் நிறைய உண்டு. அது வெளியே சிந்தாமல் பிடித்து வைப்பது அந்த அணுக்களின் வேலை. அந்த வேலைக்கு உடம்புச் சூடு வேண்டும். அணுக்களைப் பிரித்தெடுக்காத ரத்தத்தை ஐஸில் புதைத்தால் அணுக்கள் மரத்துப்போய்ப் பிடியை விட்டுவிடும். பொட்டாசியம் மெல்ல மெல்லக் கசியும். ரத்தத்தின் நிறம் மாறாது. பார்த்தால் புத்தம் புதுசாக இருக்கும். அளவு மட்டும் ஏறிவிடும்.

உடம்பில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயம் திடீரென்று நின்றுவிடும். அப்படிக் குறைந்த ஒருத்தியின் ரத்தமும் ஐஸில் ஆறு மணிநேரம் கிடந்துவிட்டு வந்தால் மெஷின் 'சரியாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். மெஷின் பொய் சொல்லவில்லை. அது தன் முன்னால் வைத்ததை அளந்தது.

செசிலியின் ரிப்போர்ட்டில் மூன்று புள்ளி ஒன்பது என்று இருந்தது. நல்ல அளவு. லிஜாதான் கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்துத்தான் தாணுலிங்கம், "இனி அந்தச் சிரப்பு வேண்டாம்மா" என்றார். செசிலிக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சிரப்பின் உப்புக்கசப்பு அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பதினேழாவது நாள் காலையில் அடுப்படியில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தவள் அப்படியே சரிந்தாள்.

லிஜா லேபுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். டெக்னீஷியன் ஜெபமணி கன்ட்ரோலை ஓட்டி முடித்திருந்தாள்.

"எல்லாம் கோட்டுக்குள்ள டாக்டர். ஒரு பிசிறில்ல."

"ம்."

"என்ன டாக்டர், முகமே சரியில்லியே?"

லிஜா கைப்பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினாள். "இத இப்பவே சுத்திப் பிரிச்சு, பொட்டாசியம் மட்டும் போடு."

நாலு. சரியாக நாலு.

"யாருக்குள்ளது இது? உங்களுக்கா? நல்லாத்தானே இருக்கு."

லிஜா அலமாரியில் இருந்த பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். லேபில் எந்த வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று அவளே உட்கார்ந்து எழுதிய நாற்பது பக்கம். மெஷினை எப்படித் துடைப்பது, கன்ட்ரோலை எத்தனை நிமிடம் வெளியே வைப்பது, பஞ்சை எதில் போடுவது, எல்லாம் இருந்தது. படியேறும் முன்பு ரத்தம் எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

கன்ட்ரோல் கம்பெனியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து அனுப்பும் சோதனை மாதிரி தபாலில் வருகிறது. அவை எதுவும் அண்ணனின் டெம்போவில் வரவில்லை. ஐந்து வருடமாக அவள் பரீட்சை வைத்ததெல்லாம் மெஷினுக்கு மட்டும்தான்.

"ஜெபமணி, அண்ணன் கொண்டு வாற டியூபு சில்லுன்னு இருக்குமா?"

"ஆமா டாக்டர். நல்ல குளுகுளுன்னு இருக்கும். சூடாகாமக் கொண்டு வாறாரேன்னு நான் சந்தோசந்தான் பட்டேன்." அவள் நிறுத்தினாள். "ஏன் டாக்டர்? அது தப்பா?"

"தப்பு உன்மேல இல்ல."

ஜெபமணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். லிஜா போனை எடுத்தாள்.

தாணுலிங்கம் இடையில் பேசாமல் கேட்டார். நாலு மாதத்துச் சூசைத்துறை பொட்டாசியம் எதையும் நம்பவேண்டாம், அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கவேண்டும், அறுபத்து மூன்று பேர், பட்டியலை இப்போதே அனுப்புகிறேன் என்று அவள் சொல்லி முடித்தாள்.

"சரி" என்றார். பிறகு, "அதுல செசிலியும் உண்டு, இல்லியா?"

"உண்டு சார்."

"நான் அந்தச் சிரப்ப நிறுத்தியிருக்கப்பிடாது."

"நீங்க ரிப்போர்ட்டப் பாத்துதான் நிறுத்தினீங்க."

"ஆள இன்னும் கொஞ்சம் நேரம் பாத்திருக்கலாம் டாக்டரம்மா" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் லிஜாவுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். இருக்கவில்லை.

*

பதினோரு மணிக்கு ஜிஷா கூப்பிட்டாள்.

"அத்தே, அந்த ரெண்டாவது டியூபு என்ன வந்திச்சு?"

"இன்னும் அப்பா வரல்லியே மக்கா."

"நீங்க கையில கொண்டு போனது?"

"நாலு."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம்.

"நான் காலம்பற நீங்க போன பொறகு எனக்க புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன். அதுல எழுதியிருக்கு அத்தே. ஐஸ்ல வைக்கப்பிடாதுன்னு நானே பென்சில்ல அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். பரீச்சைக்கு எழுதியிருக்கேன். மார்க்கும் வாங்கியிருக்கேன்." அவள் அழவில்லை. அழாதது பயமாக இருந்தது. "தெனமும் அப்பா ஐஸ் போடுதத வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். ஒருநாள் கூட ஞாபகம் வரல்ல."

"மக்கா, இது எனக்க லேபு. நான்தான் கேட்டிருக்கணும். உன்மேல ஒண்ணும் இல்ல."

"எனக்க அம்மைக்க ரத்தத்த எடுத்தது நான். கவர்ல கட்டிக் குடுத்தது நான்."

"ஜிஷா..."

"அப்பாட்ட சொல்லாதீங்க அத்தே. நான் தாங்கிக்கிடுவேன். அப்பா தாங்க மாட்டாவ. ராத்திரி முழிச்சு முழிச்சு அம்மா கெடந்த பாயத் தடவிப் பாக்காவ. இது தெரிஞ்சா கடல்ல எறங்கிருவாவ. சத்தியமா எறங்கிருவாவ."

"நான் எப்படி மக்கா சொல்லாம இருக்க?"

"வேற ஏதாவது சொல்லுங்க. மிசினு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. அப்பாவுக்கு மிசினப் பத்தி என்ன தெரியும்?"

*

ததேயுஸ் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். டியூபுகள் துடைத்து, வரிசையாக, ஸ்டாண்டில் நின்றன. ஜெபமணி அவரிடம் வழக்கமான சிரிப்பைச் சிரிக்கப் பார்த்து முடியாமல் லிஜாவின் டியூபை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார்.

"நம்ம ஊரு ஜான்ரோஸ் மனு எழுதித் தந்தான். கலெக்டருக்கு. முப்பத்திரண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காவ. நாளைக்கு நாகர்கோவில் போறோம்."

லிஜா வாசித்தாள். டாக்டர் தாணுலிங்கத்தின் கவனக்குறைவால் தன் மனைவி இறந்துபோனதாகவும், சரியான ரிப்போர்ட் கையில் இருந்தும் மருந்தை நிறுத்திக் கொன்றுவிட்டதாகவும், அவருடைய ஆஸ்பத்திரியை மூடவேண்டும் என்றும் இருந்தது.

"நீ ஒரு கையெழுத்துப் போடு. ரிப்போர்ட்டு சரியாத்தான் குடுத்தோம், டாக்டருதான் தப்பாப் பாத்தாருன்னு. நீ டாக்டர் இல்லியா? நீ போட்டாத்தான் நிக்கும்னு ஜான்ரோஸ் பறஞ்சான்."

"அண்ணே, அவரு நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். எனக்க பொண்டாட்டியக் கொன்ன நல்ல மனுசன்."

உள்ளேயிருந்து ஜெபமணி வந்தாள். ஒரு துண்டுத்தாளை லிஜாவின் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு நிற்காமல் திரும்பிப் போய்விட்டாள். லிஜா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

ஐந்து புள்ளி ஒன்று.

ஒரே கை, ஒரே குத்து, ஒரே நிமிடம். கைப்பையில் வந்தது நாலு. பெட்டியில் வந்தது ஐந்து புள்ளி ஒன்று. செசிலியின் மூன்று புள்ளி ஒன்பதிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க ஒரு டாக்டர் தேவையில்லை. கழித்தல் தெரிந்த பிள்ளை போதும். இரண்டு புள்ளி எட்டு.

"என்னட்டி, பேனா இல்லியா?" என்றார் ததேயுஸ்.

"ரிப்போர்ட்டு சரியில்ல அண்ணே."

"என்னது?"

"மைனிக்க ரிப்போர்ட்டு. அது தப்பு. டாக்டர் மேல ஒண்ணும் இல்ல. என்மேலதான்." அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மிசினு கெட்டுப்போயிருந்திருக்கு. எனக்குத் தெரியல்ல."

பொய்யைச் சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆனது. ஐந்து வருடத்துப் புள்ளிகள் அந்த ஒரு நொடியில் போயின.

ததேயுஸ் எழுந்திருக்கவில்லை. அப்படியே அவளைப் பார்த்தார்.

"தெரியல்லியா?"

"தெரியல்ல அண்ணே."

"மிசினு கெட்டதுகூடத் தெரியாமலா எனக்க செசிலிக்கு நீ கையெழுத்துப் போட்ட? அவ உன்மேல வச்சிருந்த நம்பிக்க உனக்குத் தெரியுமா? கருங்கல்ல எத்தன லேபு இருக்கு. லிஜாவுக்க லேபுலதான் குடுப்பேன், அவ எனக்க பிள்ளையப்போலன்னு சொல்லிட்டே கையை நீட்டுவா."

லிஜா துண்டுத்தாளை உள்ளங்கைக்குள் மடக்கினாள்.

"அம்மையும் அப்பனும் போன பொறகு உனக்குத் தல பின்னி விட்டவட்டி அவ!"

"அண்ணே..."

"அண்ணேன்னு விளிக்காத."

அவர் கலெக்டர் மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டாண்டோடு டியூபுகளைத் தூக்கினார். ஜெபமணி பதறிப்போய் ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, அத எங்க கொண்டு போறீங்க? இன்னும் போடல்ல!"

"எங்க ஊரு ஆளுகளுக்க ரத்தம் இனி இங்க வேண்டாம். நான் நாகர்கோவிலுக்குக் கொண்டு போறேன். அங்க மிசினு கெடாத லேபு இருக்கும். இன்னைக்கு மட்டுமில்ல, இனி எப்பவும் அங்கதான்."

"அண்ணே, வச்சிட்டுப் போங்க" என்றாள் லிஜா. "வேற ரத்தம் எடுத்துக்கலாம். அதக் கொண்டு போகாதீங்க."

"இன்னும் யாரையாவது கொல்லணுமா உனக்கு?"

அவர் படியிறங்கிப் போனார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியிலும் கேட்டது.

லிஜா நின்ற இடத்திலேயே நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு மெல்லத்தான் ஏறியது. கருங்கல்லிலிருந்து நாகர்கோவிலுக்கு இன்னும் ஒரு மணிநேரம். மூன்று மணிக்குத்தான் அந்த ரத்தம் ஏதோ ஒரு மெஷினுக்குள் போகும். அந்த மெஷினின் கன்ட்ரோலும் இன்று காலை கோட்டுக்குள்தான் இருந்திருக்கும். யாரோ ஒரு டாக்டர் நம்பிக்கையோடு கையெழுத்துப் போடுவாள். தாணுலிங்கத்தின் மேல் மனு எழுதிய ஊர் அதை வேறொரு டாக்டரிடம்தான் காட்டும். யேசுரத்தினத்தின் சிரப்பு நிற்கும். நாளைக்கும் அந்தப் பெட்டி போகும். அதற்கடுத்த நாளும் போகும். அண்ணனைக் காப்பாற்றச் சொன்ன பொய், அண்ணன் கையாலேயே இன்னொரு வீட்டு அடுப்படியில் போய் நிற்கும்.

அவள் படிகளில் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் விழுந்தது.

சந்தை உச்சிவெயிலில் இரைந்துகொண்டிருந்தது. டெம்போ வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. பிறகு மீன்சந்தை வாசலில் பார்த்தாள். ததேயுஸ் டெம்போவை நிறுத்திவிட்டு ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார். காலையில் போட்டது கரைந்திருக்கும். நாகர்கோவில் வரைக்கும் போகவேண்டாமா? பின்கதவு திறந்திருந்தது. பெட்டியில் டியூபுகளை வைத்துவிட்டு, இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, போடாதீங்க!"

மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐஸ் போடாதீங்க அண்ணே."

அவர் கைகள் பெட்டிக்கு மேலே நின்றன. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. சந்தை நடுவில், ஒற்றைச் செருப்போடு, முகத்தைக்கூட மூடாமல் அழுதாள்.

ததேயுஸ் அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஐஸைப் பார்த்தார். காலையில் அவள் ஐஸ் வேண்டாம் என்று கத்தியது, தனியாக ஒரு டியூபை எடுத்துப் போனது, கவிழ்த்து வைத்த துண்டுத்தாள், ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்து போவதை லிஜாவால் பார்க்க முடிந்தது. கரையில் நின்றுகொண்டு, தூரத்தில் ஒரு வள்ளம் கவிழ்வதைப் பார்ப்பது போல இருந்தது. கூப்பிட்டாலும் கேட்காது.

"மிசினு கெடல்ல, இல்லியா?" என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"அவளுக்கு நான் ரெண்டு பங்கு ஐஸ் போட்டேனே மக்கா" என்றார் ததேயுஸ். "வீட்டு ஆளாச்சேன்னு."

ஐஸ் அவர் கையிலிருந்து தரையில் விழுந்தது. அவர் கைகளை வேட்டியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு நடந்தார். டெம்போவின் பக்கம் இல்லை. கூட்டத்துக்குள், பஸ் நிற்கும் பக்கமாக.

"அண்ணே! நில்லுங்க அண்ணே!"

ஒரு வெங்காய லாரி குறுக்கே வந்து நின்றது. அது நகரும்வரை அவளுக்கு வழி இல்லை. அது நகர்ந்தபோது கடற்கரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் அவர் ஏறினாரா, ஏறவில்லையா, அவள் பார்க்கவில்லை.

கையில் போன் அடித்தது. ஜிஷா.

"அத்தே, அப்பாக்கு விளிச்சா எடுக்க மாட்டேங்காவ. உங்க பக்கத்துல தானே இருக்காவ?"